ஜாதகத்தில் அறுபது, சர்டிபிகேட்டில் ஐம்பத்தெட்டரை

'சார், உங்களைப் பார்த்தா அறுபதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க' என்றால் மற்றவர்கள் பூரித்துப் போவார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டு சார் பதறிப்போவார். 'ஏன் சொல்ல மாட்டாங்க? இப்போ ஆதார்படியும் ஆயிடுச்சே!' என்று பர்ஸில் கை வைத்துவிடுவார்.

நம்மாள் மாஸ்டர்ஸ் தடகள வீரர். முப்பத்தைந்து வயசு ஆனவர்களுக்கான போட்டிகள் இவை. அதிலிருந்து ஐந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு பிரிவு: நாற்பது, நாற்பத்தைந்து என்று நூறையும் தாண்டிப் போகும். போட்டி தொடங்கும் நாளில் என்ன வயசோ அதுதான் கணக்கு. இன்றைக்கு ஐம்பத்தொன்பதாக இருந்தால், நேற்றுதான் ஐம்பத்தைந்து முடித்து வந்த முரட்டு ஆளோடு ஓடித் தோற்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்து அறுபது பிறந்துவிட்டால் அந்தப் பிரிவிலேயே நீங்கள்தான் இளங்காளை. ஆகவே நம்மாள் பிறந்தநாளுக்குக் காத்திருப்பதைப் போல எந்த எல்.கே.ஜி. குழந்தையும் காத்திருக்காது.

அவருடைய தீராத துக்கமும் இதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேல் சுற்றிப்போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயசு ஐந்து. நம்மாளுக்குக் கை கொஞ்சம் குட்டை. மார்கழியில் பிறந்தவருக்கு ஒன்றரை வருஷத்தைக் குறைத்து, ஹெட்மாஸ்டர் ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிவிட்டார். அந்தப் புண்ணியத்தில் அரசாங்க வேலையில் ஒன்றரை வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கினார் என்பது வேறு விஷயம். அப்போதெல்லாம் அந்த ஹெட்மாஸ்டர் தெய்வம். இப்போது, 'அந்த மனுஷன் எனக்கு எத்தனை மெடலை இல்லாமப் பண்ணிட்டான் தெரியுமா!' என்கிறார்.

அறுபதாம் கல்யாணம் ஜாதகப்படிதானே நடக்கும்? திருக்கடையூரில் மாலை மாற்றி, கலசத் தண்ணீர் தலையில் கொட்டி, எல்லாம் முடிந்தது. மறுமாதம் மாவட்டப் போட்டிக்கு அறுபது வயசுப் பிரிவில் பேர் கொடுக்கப் போய்விட்டார். ஆதாரைப் பார்த்த அலுவலர், 'சார், உங்களுக்கு ஐம்பத்தெட்டரைதான் ஆகுது' என்றார். நம்மாள் பையிலிருந்து கோயில் ரசீதை எடுத்தார். போட்டோ ஆல்பத்தையும் எடுத்தார். அலுவலர் பொறுமைசாலி. ஆல்பத்தை முழுக்கப் புரட்டிப் பார்த்து, 'அக்காவுக்குக் கூறைப்புடவை நல்லா அமைஞ்சிருக்கு' என்று சொல்லிவிட்டு, ஐம்பத்தைந்து பிரிவில் பேரை எழுதிக்கொண்டார்.

திருக்கடையூர் என்றதும் மார்க்கண்டேயன் நினைவு வருகிறது. என்றும் பதினாறு என்பதை வரமென்று எல்லோரும் சொல்கிறோம். நம்மாள் கணக்கில் அது சாபம். முப்பத்தைந்தே ஆகாதவன் மாஸ்டர்ஸில் எப்படிப் பேர் கொடுப்பான்?

மற்ற நாள்களில் அவர் கடற்கரைச் சாலை ஓட்டக் குழுவின் உறுப்பினர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கலங்கரை விளக்கத்திலிருந்து கண்ணகி சிலை, உழைப்பாளர் சிலை என்று ஓடித் திரும்பி, ஓடிய நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் ஃபில்டர் காபியோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிற கூட்டம். வாரம் தவறாமல் எங்காவது ஒரு பத்து கிலோமீட்டர். ஓடினவருக்கெல்லாம் ஒரு பனியன் கொடுப்பார்கள். அவர் வீட்டு பீரோ நிரம்பி, எங்கள் தெரு நிரம்பி வழிகிறது. இன்றைக்கு எங்கள் தெருவில் வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், தண்ணீர் கேன் போடும் தம்பி எல்லோருமே முழு மாரத்தானை ஓடி முடித்தவர்கள். பனியனில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மார்பு எண்ணைக் குத்த ஒரு போட்டிக்கு நாலு ஊக்கு. அவர் மனைவி கல்யாணத்துக்குப் புடவை கட்டும்போது ஒரு ஊக்குகூட அகப்படாது. 'உங்க அண்ணன் பனியன்ல பாருங்க' என்பார் என் மனைவியிடம்.

இவர்கள் பாஷையில் ஒருவர் ஓடிய சொந்தச் சிறந்த நேரத்துக்கு பி.பி. என்று பேர். இது தெரியாத சம்பந்தி ஒரு நாள் மாட்டிக்கொண்டார். 'பி.பி. எனக்குப் போன வாரம்தான் குறைஞ்சுது' என்றார் நம்மாள். 'ரொம்ப சந்தோஷம். மாத்திரையை மாத்தினீங்களா?' என்றார் சம்பந்தி. 'இல்லை, ஷூவை மாத்தினேன்.'

அவரோடு ஒரு முறை மைதானத்துக்குப் போயிருக்கிறேன், பை காக்கும் வேலைக்கு. மாஸ்டர்ஸ் போட்டியின் மைதானம் பாதி திருவிழா, பாதி ஆர்த்தோ டாக்டரின் வரவேற்பறை. எங்கு திரும்பினாலும் முட்டிப் பட்டை, வலித் தைலத்தின் வாசனை. மைக்கில் 'எண்பது வயசுப் பிரிவு, ஃபைனல் கால்' என்று அறிவிக்கும்போது அந்தப் பெரியவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். குண்டு எறிகிற இடத்தில் ஓர் அதிசயம் பார்த்தேன். ஆண்களுக்கான குண்டு இளைஞர்களுக்கு 7.26 கிலோ. ஐம்பது வயசில் அது 6 கிலோ, அறுபதில் 5, எழுபதில் 4, எண்பதில் 3. 'நாள் ஆக ஆகச் சொல்லிட்டுக் கனம் குறையற ஒரே சாமான் இதுதான்யா, இந்த ஊர்ல' என்றார் நம்மாள், மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொண்டு.

அவருடைய ஓட்டம் ஐந்தாயிரம் மீட்டர். பன்னிரண்டரைச் சுற்று. ஆள் குறைவாக இருந்தால் ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வரை எல்லாப் பிரிவையும் ஒரே ஓட்டமாக விட்டுவிடுவார்கள். நம்மை முந்துகிறவன் போட்டிக்காரனா, பக்கத்துப் பிரிவா என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதுவும் சாயம் அடித்த தலையாக இருந்தால் சுத்தம். நம்மாள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். மூன்றாவது சுற்றில் ஒருவர் பக்கவாட்டில் ஏறி வந்தார்.

'சாருக்கு... எந்த குரூப்?' மூச்சு வாங்கியபடி நம்மாள் கேட்டார்.

'ஐம்பது.'

'போங்க, போங்க.' கையை வீசி, பஸ்ஸுக்கு வழி விடும் டிராஃபிக் போலீஸ்போல ஒதுங்கினார்.

ஏழாவது சுற்றில் இன்னொருவர். ஒல்லி உடம்பு, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.

'சாருக்கு எந்த...' என்று ஆரம்பித்தவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கேட்கவே வேண்டாம், ஜென்ம விரோதி. நம்மாளைவிட பதினான்கு மாதம் இளையவர். நம்மாள் புதுப் பிரிவுக்குள் நுழைந்து பதினான்கு மாதம் ராஜாவாக இருப்பார். அப்புறம் இவர் வந்து சேருவார். அதோடு வெள்ளிதான். வருஷா வருஷம் அந்த மனிதருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல முதலில் போன் போடுவது நம்மாள்தான். 'முட்டி எப்படி இருக்கு?' என்று கேட்கிற குரலில் இருப்பது அக்கறையா ஆசையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு இருவரும் தோளோடு தோள் ஓடினார்கள். சுற்று எண்ண உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் நடுவில் ஒரு போன் எடுத்துவிட்டான். மணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல், அடிக்கக் கூடாத இடத்தில் அடித்தான். நம்மாள் அதைக் கடைசிச் சுற்று என்று நம்பி நாலு கால் பாய்ச்சலில் ஓடி, கோட்டைத் தாண்டிக் கையையும் தூக்கிவிட்டார். 'தாத்தா, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு!' என்றது கூட்டம். ரயில்வேக்காரர் அமைதியாகப் பக்கத்தில் ஓடிப்போனார். அவர் மணியை நம்புவதில்லை, தானே விரல் விட்டு எண்ணுவாராம்.

வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பும்போது காரில் நம்மாள் பேசவில்லை. ஆனால் வீடு வந்ததும் முகம் மாறிவிட்டது. காரணம், வாசல் திண்ணையில் அவர் மாமியார். வயசு எப்படியும் தொண்ணூறைத் தாண்டும். தடியில்லாமல் நடக்கிறார்.

பஞ்சாபின் மன் கவுர் தொண்ணூற்று மூன்று வயசில் ஓடத் தொடங்கி, 2017இல் ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில், 101 வயசில், நூறு மீட்டரை 74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் போட்டியாளர். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து நம்மாள் மாமியாரைப் பார்க்கிற பார்வையே வேறு. திண்ணையிலிருந்து கேட் வரை அவர் போய் வரும்போதெல்லாம் ஸ்டாப்வாட்சை அமுக்குகிறார். வயசுக்குத்தான் சான்று இல்லை. 'எங்க அப்பா புது மாட்டுவண்டி வாங்கின வருஷம்' என்பதைத் தாண்டி அந்த அம்மாள் எதுவும் சொல்வதில்லை.

அன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

'அத்தை, ஒரு நூறு மீட்டர் ஓடறீங்களா? தங்க மெடல் தருவாங்க.'

'எத்தனை பவுன் தேறும் மாப்பிள்ளை?'

'பவுனெல்லாம் இல்லை அத்தை. பூச்சுதான்.'

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேகமாக எழுந்து உள்ளே போனார். திண்ணையிலிருந்து கூடம் வரை வழக்கமாகப் பதினெட்டு விநாடி ஆகும். அன்றைக்குப் பதினொன்று. நம்மாள் அதையும் குறித்துக்கொண்டார்.