ஊர்கூடி மலைமேல் ஓடவிடுவது எப்படி?

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைநாடு இருக்கிறது. கோடை வந்தால் அங்கே பல ஊர்களில் ஃபெல் ரேஸ் நடக்கும். ஊர் மைதானத்தில் கிளம்பி, மலையுச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். உச்சியில் கோயிலும் கிடையாது, பிரசாதமும் கிடையாது. இருந்தும் ஓடுகிறார்கள். அப்படியொரு பந்தயத்தை நாமே நடத்தினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றினால், வாயைத் திறக்காதீர்கள். திறந்த கணமே நீங்கள்தான் அமைப்பாளர். அந்தப் பதவிக்கு ஓய்வு வயது கிடையாது.

மலையைத் தேட வேண்டியதில்லை. ஊருக்குப் பின்னால் எது நிற்கிறதோ அதுதான். லேக் டிஸ்ட்ரிக்டின் கிராஸ்மியர் ஊர்க்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தங்கள் விளையாட்டு விழாவில் பக்கத்திலிருக்கும் பட்டர் கிராகில்தான் ஆளை ஏற்றி இறக்குகிறார்கள். செங்குத்துக்கு மட்டும் கணக்கு உண்டு. 1970இல் உருவான ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் வகுத்தபடி, கிலோமீட்டருக்குச் சராசரி 50 மீட்டர் ஏற்றம் இருந்தால் ‘ஏ’ வகை. 20 மீட்டர் என்றால் ‘சி’. உங்கள் மலை நடுவிலிருக்கும் ‘பி’தான் என்று வரைபடம் சொல்லும். ஊர்ப் பெருமைக்கு அது ஒத்துவராது. பாதையை இன்னும் செங்குத்தான பக்கமாகத் திருப்புங்கள். தேயப்போகும் முழங்கால் உங்களுடையதல்ல.

அடுத்து ஆட்டுப்பண்ணைக்காரரின் சம்மதம். ஏப்ரலில் போகாதீர்கள், ஆடுகள் குட்டி போடும் காலம், மனிதர் தூங்கியே நாளாகியிருக்கும். பிறகு ஒருநாள் போய், மழையில் ஆரம்பித்து, கம்பளி விலைக்கு வந்து, எழுந்திருக்கும்போது பந்தயத்தைச் சொல்லுங்கள். ‘ம்’ என்றால் சம்மதம். ஓட்டத்தின் அருமையை அவருக்கு விளக்கப் புகாதீர்கள். வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்த ஜாஸ் நெய்லர், 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஓடி முடித்தவர்.

பாதை நெடுக அம்புக்குறி கட்டிக் காசைக் கரைக்க வேண்டாம். இந்த ஓட்டத்தில் வழி கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஓடுகிறவர் பாடு. மூடுபனியில் முதலில் போகிறவர் தவறான பள்ளத்தாக்கில் இறங்குவார். பின்னால் வருகிற பத்துப் பேரும் அவரை நம்பி இறங்குவார்கள். மழைச் சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், கொஞ்சம் தின்பண்டம் எல்லாம் இருக்கிறதா என்று பையைத் திறந்து பாருங்கள். வெயில் அடிக்கிறதே என்று வாதாடுவார்கள். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறும் சீத்வெயிட் இந்த மலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டே நில்லுங்கள். இந்த வேலைக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை கிடைத்தால் விடாதீர்கள்.

உச்சியில் நின்று ஓடிவருகிறவர்களின் எண்களைக் குறித்துக்கொள்ள இரண்டு பேரை அனுப்புங்கள். பேனா வேண்டாம், ஈரத் தாளில் எழுதாது, பென்சில் கொடுங்கள்.

மற்ற எதில் கோட்டை விட்டாலும் பரவாயில்லை. பரிசாக ஒரு ஜோடி காலுறையும் பீர் பாட்டிலும் போதும். கேக் தீர்ந்துபோனால்தான் முணுமுணுப்பார்கள். ஆனால் ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர் என்ற கணக்கு பந்தியில் இலை எண்ணுவதுபோல ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும். 2008 அக்டோபரில் இதே லேக் டிஸ்ட்ரிக்டின் பாரோடேலில் நடந்த பெரிய மலை மாரத்தான் வெள்ளத்தால் பாதியில் நின்றது. 1,700 பேரைக் காணோம் என்று செய்தி பரவி நாடே பதறியது. அவர்களில் பலர் களஞ்சியங்களிலும் ஸ்லேட் சுரங்கத்திலும் ஒண்டியிருந்தார்கள், ஒருவரும் சாகவில்லை.

உங்கள் பந்தயத்தில் காணாமல் போகிறவர் ஒரே ஒருவராகத்தான் இருப்பார். இருட்டும் நேரத்தில் மலை மீட்புக் குழுவைக் கூப்பிடுவீர்கள். அவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வருவார்கள். காணாமல் போனவர் கணுக்கால் சுளுக்கி, பாதியிலேயே இறங்கி, யாரிடமும் சொல்லாமல் வீட்டில் வெந்நீர்த் தொட்டிக்குள் கிடப்பார். தொலைபேசியில் பிடித்தால், “ஓ, சொல்லணுமா?” என்பார்.

நடத்துகிறவருக்கான யோசனை இவ்வளவுதான். ஓடப்போகிறவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: பாதியில் கைவிட்டால், முடிவுக்கோட்டு மேசைக்கு வந்து உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.