டிவிக்குப் பின்னால் ஒரு ரவுட்டர்

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதை நம் வீடுகளில் ரேடியோ அலைகள் முடிவு செய்வதில்லை. கேபிள்காரர் எந்தச் சுவரில் ஓட்டை போட்டாரோ அங்கேதான் அது குடியேறும். பெரும்பாலும் ஹாலில், டிவிக்குப் பின்னால், மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியோடு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். தாண்டிய இடத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ அதே அலைவரிசையில் குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

இணைய முகவரி (ஐபி) விஷயம் இன்னும் வேடிக்கை. 192.168 என்று தொடங்கும் எண்களைத் தனிப்பட்ட வலைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம். ஆகவே உங்கள் மடிக்கணினிக்கும் எதிர்வீட்டு மடிக்கணினிக்கும் ஒரே எண் இருக்கலாம், சண்டை வராது. வெளியுலகுக்கு மொத்த வீடும் ஒரே முகவரிதான். தாத்தாவின் உபன்யாசம், பேரனின் துப்பாக்கி விளையாட்டு, மருமகளின் ஆபீஸ் மீட்டிங் எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போய்வருகின்றன. எந்தப் பதில் யாருக்கு என்று குறித்துவைத்து, முகம் சுளிக்காமல் பிரித்துக் கொடுக்கிறது ரவுட்டர். (அந்தப் பொறுமை வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.)

பாதுகாப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு: மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும். மறந்துவிடக் கூடாதென்று ரவுட்டரின் முதுகிலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியும் இருக்கிறது; கீழ்வீட்டுப் பையனுக்கு அது மனப்பாடம்.