ஒரே மாலையில் சொல்லாய்வாளர் ஆவது எப்படி?

இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு கைப்பேசி, ஒரு வாட்ஸ்ஆப் குழு, எதிர்த்துப் பேசத் தயங்கும் இரண்டு உறவினர்கள் போதும். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் உலகமொழிகள் அனைத்தையும் தமிழின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

முதல் வேலை, சொல்லைத் தேர்ந்தெடுப்பது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 'கொடுக்காப்புளி' மாதிரி நீளமான சொல்லோடு கிளம்பினால் ஐஸ்லாந்து வரை நடந்தாலும் ஜோடி கிடைக்காது. சொல் எவ்வளவு குட்டையோ, அவ்வளவு உறவு. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. ம வரிசையில் மட்டும் ஆறு. அதில் 'மா'வை எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டைச் சேர்த்துத் திறந்தால் வந்துவிடுகிற ஒலி, அநேகமாக எந்த மொழியிலும் கிடைக்கும். (வட அமெரிக்காவின் மோஹாக் மொழியில் 'ம'வும் இல்லை, 'ப'வும் இல்லை. அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

சொல் குட்டையாக இருந்தால் மட்டும் போதாது, பொருள் கொழுத்திருக்க வேண்டும். 'மா'வுக்கு அந்தக் குறையே இல்லை. மாமரம், விலங்கு, குதிரை, பெரிய, கருமை. இலங்கைத் தமிழர் அடுப்படியில் மாவுக்கும் அதே பெயர்தான்: கோதுமை மா, அரிசி மா. கணக்கில் இருபதில் ஒரு பங்கு மா. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். இத்தனையும் மடியில் இருக்கும்போது, எந்த ஊர்க்காரர் எந்தப் பொருளை நீட்டினாலும் ஒன்று ஒட்டாமல் போகாது.

சீனத்தில் தொடங்குங்கள். மாண்டரினில் தொனியை மாற்றி மாற்றிச் சொன்னால் இதே 'மா' அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று நான்காகும். தொனியே இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டினால் கேள்வியாகும். அம்மாவும் குதிரையும் கேட்காமலே வந்து சேர்ந்துவிட்டன பாருங்கள். திட்டுதல்? அம்மா வேறென்ன செய்வாள் என்று எழுதிவிடுங்கள். சணலைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள். இந்தக் கலையில் பாதி, எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

அடுத்து வியட்நாம். அங்கே தொனிகள் ஆறு: பேய், தென்பகுதியில் அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று. நாற்றைக் கண்டதும் உங்கள் கை பரபரக்க வேண்டும். நம்மிடம் மா என்பது வயலை அளக்கும் அளவு, அவர்களிடம் வயலில் நடும் பயிர். காவிரிக் கரையில் நடவு முடித்த கையோடு மீகாங் ஆற்றுக்குக் கப்பல் ஏறினான் தமிழன் என்று ஒரு வரி போடுங்கள், முன்னூறு பேர் பகிர்வார்கள். அந்தக் குதிரை வியட்நாமியர் சீனர்களிடம் வாங்கியது, ஆகவே இரண்டு சான்றல்ல ஒன்றுதான் என்று யாராவது முனகுவார். அவரைக் குழுவிலிருந்து நீக்க வழி இருக்கிறது.

தாய்லாந்தில் 'மா' என்றால் வா. தொனி மாறினால் நாய், இன்னொரு தொனியில் குதிரை. நாயும் விலங்குதானே, முடிந்தது. 'வா'வுக்கும் கவலை வேண்டாம்: நாம் 'வாம்மா' என்கிறோம், அவர்கள் முன்பாதியை விழுங்கிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் அதிக நேரம் நிற்காதீர்கள். இத்தாலியருக்கு 'மா' ஆனால், ஹங்கேரியருக்கு இன்று, எஸ்தோனியருக்கு நான், போலந்துக்காரருக்கு 'அவரிடம் இருக்கிறது', பிரெஞ்சுக்காரருக்குப் பெண்பால் பெயருக்கு முன்னே வரும் 'என்'. இதில் இத்தாலிய 'மா' லத்தீன் 'மாகிஸ்' தேய்ந்தது, பிரெஞ்சு 'மா' லத்தீன் 'மேயா' தேய்ந்தது என்று பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. சான்றிதழ் உள்ள சொற்களால் நமக்கு என்ன பயன்? அரபிக்குப் போய்விடுங்கள். அங்கே 'மா' என்றால் 'என்ன' என்றும் ஆகும், 'இல்லை' என்றும் ஆகும்; கேள்வியும் மறுப்பும் ஒரே சொல்லில் கிடைப்பது உங்கள் தொழிலுக்கு நல்ல சகுனம்.

இனி பிரம்மாஸ்திரம்: அம்மா. கொரியத் தொடர் பார்க்கிற எந்த வீட்டிலும் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் ஒம்மா, அப்பா. வா என்பதற்கு 'வா', நாளுக்கு 'நல்', நானுக்கு 'நா'. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இலேயே ஒரு இலக்கணம் எழுதினார் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பிற்பாடு வந்த மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதற்கு எழுத்தே வேண்டாம்.

இந்த இடத்தில் ரோமன் யாக்கோப்சன் என்ற ரஷ்யப் பிறப்பு மொழியியலாளர் குறுக்கே வருவார். மாமாவும் பாப்பாவும் ஏன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி என்று 1960-இல் வெளியான கட்டுரையில் அவர் கேட்டார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைத்திருக்கிறது; மூக்கு வழியாக முனகத்தான் முடியும்; பிறகு அதே முனகலைப் பாலுக்காக, ஆளுக்காக எழுப்புகிறது; அதைத் தன் பெயர் என்று எடுத்துக்கொள்பவள் தாய். ஆக, குழந்தைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கவில்லை. எனக்கு இது மிக அழகான விளக்கமாகப் படுகிறது. நீங்கள் இதைப் பரப்பிவிடாதீர்கள், வியாபாரம் படுத்துவிடும்.

இன்னும் பெரிய தொல்லை ஜப்பான். அங்கே தாய்க்கு 'ஹஹா'. 1516-இல் தொகுக்கப்பட்ட ஒரு விடுகதை: தாயிடம் இருமுறை சந்திப்பது, தந்தையிடம் ஒருமுறையும் சந்திக்காதது எது? விடை, உதடுகள். இன்றைய 'ஹஹா'வில் உதடு எங்கே சேர்கிறது? அன்று அது 'ஃபஃபா' போல ஒலித்தது, அதற்கும் முன்னால் 'பபா'. அதாவது, ஒரு காலத்து ஜப்பானியக் குழந்தை அம்மாவைத்தான் பப்பா என்று கூப்பிட்டது.

'ப' இப்படி 'ஹ' ஆவது நம் பக்கத்து வீட்டிலும் நடந்திருக்கிறது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பத்து ஹத்து. கன்னடத்தில் வரிசை வரிசையாக மாறியிருக்கிறது. மொழியியலாளர்கள் கேட்பது இந்த வரிசையைத்தான். ஒரு சொல் ஒத்திருக்கிறது என்றால் சட்டை செய்ய மாட்டார்கள். ஒரே மாதிரி மாறிய இருபது சொல் கொண்டுவா என்பார்கள். இருபது சொல் தேடினால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும். மேலும் இந்த வழியில் போனால் விபரீதமான உறவுகள் கிடைக்கும்: ஆர்மீனியருக்கு இரண்டு 'எர்கு', லத்தீனில் 'துவோ', இரண்டும் ஒரே வேரில் வந்தவை. காதில் விழுந்தால் யார் நம்புவார்? மாறாக, ஆஸ்திரேலியாவின் ம்பபராம் மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். ஆங்கிலத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பக்கத்து மொழிகளின் 'குடக' தேய்ந்து வந்தது.

உண்மையாகவே 'மா' கடல் கடந்த கதை ஒன்று உண்டு. மாங்காய், மலையாளத்தில் மாங்ங. மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் அதை 'மங்கா' ஆக்கினார்கள், ஆங்கிலேயர் 'மேங்கோ' என்றார்கள். மலாய்க்காரர் வாயில் 'மங்கா', சீனர் வாயில் 'மாங்குவோ'. ஆனால் இதை எந்த ஆங்கில அகராதியும் மறைக்காமல் அச்சிட்டிருக்கிறது. யாரும் மறைக்காத உண்மையைக் குழுவில் போட்டால் ஒரு கட்டைவிரல்கூட விழாது.

கடைசியாக ஒரு முன்னெச்சரிக்கை. கேட்பவர்களில் ஜார்ஜியா நாட்டு மொழி தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால், அங்கே 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தெதா' என்று எழுந்து சொல்வார். பதற வேண்டாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நம்ம ஊர்லயும் தாய்மாமன் தகப்பன் ஸ்தானம்தானே, தம்பி" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.