கரைச்சலுக்கு ஓர் இடம் கேட்டு

பெறுநர்: ஆசிரியர் குழு, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி.
பொருள்: ‘ஹாசில்’ என்ற சொல்லின் பூர்வீகம் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

மனுதாரர் சென்னைவாசி. அவருடைய சித்தப்பா சென்ற மாதம் வங்கியில் தன் கைப்பேசி எண்ணை மாற்றப் போனார். கவுன்ட்டருக்கு மேலே ‘ஹாசில் ஃப்ரீ பேங்கிங்’ என்று நீளமாக ஒரு பலகை. படிவத்தை நிரப்பி, ஆதார் ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “பழைய நம்பருக்கு ஓடிபி போயிருக்கு சார், சொல்லுங்க” என்றார் ஊழியர்.

“அந்த நம்பர் போயிடுச்சுன்னுதானேம்மா மாத்த வந்திருக்கேன்?”

“சிஸ்டம் ஒத்துக்காது சார்.”

வெளியே வந்ததும் சித்தப்பா பலகையைக் காட்டி, “ஹாசில்னா என்னடா?” என்றார். “இப்ப நடந்துச்சே, அதுதான்” என்றார் மனுதாரர். “அது இங்கே கிடையாதுன்னுல்ல போட்டிருக்கான்!”

அன்றிரவு மனுதாரர் அகராதிகளைப் புரட்டினார். வீண் தொந்தரவு என்ற பொருள் தெளிவாக இருக்கிறது, பிறப்புதான் சந்தேகம். பேரத்தைக் குறிக்கும் ‘ஹாகில்’, மல்லுக்கட்டைக் குறிக்கும் ‘டஸில்’ இரண்டும் கூடிப் பிறந்தது என்பார் சிலர். அமெரிக்கத் தென்மாநிலங்களில் நாய் மூச்சிரைப்பதைச் சொல்லும் வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். மனுதாரரின் ஓட்டு நாய்க்கே. அலைந்து களைத்தவர் தமிழிலும் ‘நாக்குத் தள்ளிடுச்சு’ என்றுதானே சொல்கிறார்? சரி, வெற்று ஆர்ப்பாட்டத்தைக் குறிக்கும் ‘ஃபஸ்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதற்கும் உறுதியான மூலம் இல்லை. ஊரையே சான்றிதழுக்கு அலையவிடும் சொற்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை!

காகிதம் ஒழுங்காக இருப்பது ‘ரிக்மரோல்’ ஒன்றுக்குத்தான். 1296-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, ஸ்காட்லாந்துப் பிரபுக்களிடம் விசுவாசப் பத்திரம் எழுதி வாங்கினார். முத்திரைகள் தொங்கிய அந்தத் தோல் ஆவணங்களோடு ஒட்டிக்கொண்ட பெயர் ‘ராக்மன் ரோல்’. வாய்வழக்கில் அது தேய்ந்து, சுற்றி வளைத்த வெற்றுச் சடங்குக்கெல்லாம் பெயராகிவிட்டது. அரசாங்கப் பத்திரத்துக்கே பிறந்த பிள்ளை, ஜாடை மாறவில்லை.

தாமதம் பற்றித் தங்களிடம் முறையிட மனுதாரருக்குக் கூச்சமில்லை. தங்கள் அகராதியே 10 ஆண்டுகளில் முடித்துத் தருவதாக 1879-ல் ஒப்பந்தம் போட்ட வேலைதான். ஐந்து ஆண்டு கழித்து, 1884-ல், முதல் பகுதி ‘ஆன்ட்’ வரை, அதாவது எறும்பு வரை, வந்திருந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது எங்கள் பழமொழி. தங்கள் கல் தேய்ந்து முடிந்தது 1928-ல். அதற்குள் அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லுக்கான குறிப்புச் சீட்டுகள் காணாமல் போய், அச்சான புத்தகத்தில் சொல்லே விடுபட்டது. 1933-ல் வந்த பிற்சேர்க்கையில்தான் அதற்கு இடம் கிடைத்தது. ஃபைல் தொலைவது எங்கள் தாலுகா ஆபீஸ்களின் கண்டுபிடிப்பு என்று மனுதாரர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

2016-ல் ‘ஐயோ’வைத் தங்கள் அகராதியில் சேர்த்தீர்கள். நன்றி. ஐயோ என்று கத்த வைக்கும் சங்கதிக்கு எங்களிடம் உள்ள சொற்களையும் பரிசீலிக்க வேண்டுகிறார். முதலாவது, சென்னையின் ‘பேஜார்’: பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து பேட்டையில் குடியேறியது, ஆவணம் சுத்தம். அடுத்தது ‘ரோதனை’: வடமொழியில் அழுகை, கவுன்ட்டர் முன்னால் நிற்பவருக்கு விளக்கமே வேண்டாம். மூன்றாவது, ஈழத்தவர் நாவில் புழங்கும் ‘கரைச்சல்’. இது காகம் கரைவதிலிருந்து வந்ததா, உப்புக் கரைவதிலிருந்து வந்ததா என்பதைத் தாங்களே விசாரித்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் வழக்கம்போல ‘மூலம் உறுதியில்லை’ என்று எழுதிவிடுங்கள்.

மூன்று பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. பதிலைத் தபாலில் அனுப்பவும். பழைய நம்பருக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
மனுதாரர்