சர்வசமப் பங்காளி

இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று நிறுவப் பள்ளிப் பிள்ளைக்கு ஆறு அளவுகளில் மூன்று போதும். ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ என ஏதாவது ஒன்றை எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விடும். முள்ளுக்குறிச்சியில், கொல்லிமலை அடிவாரக் காட்டைப் பாகம் பிரிக்க நிற்கும் பங்காளிக்கோ ஆறும் பத்தாது. ஏழாவதாகக் கிணறு, எட்டாவதாகப் பலாமரம், ஒன்பதாவதாக வண்டித்தடம். வம்புக்காரர் என்று ஊர் அவரை ஒதுக்கும். என் கட்சி வேறு: வடிவியலைப் பரீட்சைக்குப் பிறகும் விடாதவர் அவர் ஒருவர்தான்.

செவ்வகக் காட்டை மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டாக்கினால் எதிர்ப்பக்கங்கள் சமம், மூலைவிட்டம் பொதுப்பக்கம், ஆகவே ப-ப-ப. பொதுப்பக்கத்துக்கு நிரூபணம் கேட்கும் வாத்தியார் இல்லை. பங்காளிக்குப் பொதுப்பக்கம் என்றால் வரப்பு. உழவுக்கு உழவு விரற்கடை நகரும் சாமான். பாடநூல் சும்மா கொடுக்கும் அந்த ஒரு பக்கத்தில்தான் அவருக்குச் சந்தேகமே. நிலத்தின் அளவைப் படமான நம் புலப்படமும் அவர் கட்சிதான். வயலுக்குள் ஜி லைன் எனும் அளவைக் கோடு போட்டு முக்கோணங்களாகப் பிரித்து, அவற்றின் கோணங்களை அளக்காமல் நீளங்களை மட்டும் குறிப்பது பழைய நில அளவை முறை. மூன்று நீளத்துக்கு ஒரே முக்கோணம்தான் அமையும் என்ற தைரியம் அது. ஆகவே நீளத்தில் அவர் கண் கொத்திப் பாம்பாக நிற்பார். "ஏனுங் சார், சங்கிலி தொய்யுதுங்க, இழுத்துப் புடிக்கச் சொல்லுங்க." சரிதான், தொய்ந்த சங்கிலி இல்லாத நீளத்தைக் காட்டும். தம்பி பங்கை அளக்கும்போது மட்டும் அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரப்பு சமமானால் போதாதா, பத்திரத்தில் ஏக்கர் கணக்குதானே என்பார்கள். ஒரே அடிப்பக்கம், ஒரே உயரம் கொண்ட முக்கோணங்கள் எத்தனை சாய்ந்தாலும் பரப்பு ஒன்றே. அதில் ஏர் திரும்ப இடமில்லாத ஒல்லி முக்கோணமும் உண்டு. அது தன் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றைத் தூக்கி மற்றொன்றின்மேல் வைத்துப் பார்க்கலாமே என்றால், யூக்ளிட் அப்படித்தான் ப-கோ-ப விதியை நிறுவினார். அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1899-இல் ஹில்பர்ட் அந்த வம்பே வேண்டாமென்று அதன் சாரத்தை அடிகோளாகவே வைத்துவிட்டார். காட்டைத் தூக்க முடியாத பங்காளி இந்த விஷயத்தில் ஹில்பர்ட் பக்கம்.

பலமான ஆட்சேபம் மலையிலிருந்து வருகிறது. சங்கிலியை மட்டமாகப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்; 30 டிகிரி சரிவில் 100 அடி நடந்தால் படத்தில் ஏறுவது ஏறக்குறைய 87 அடி. சமதளக் காடும் சரிவுக் காடும் படத்தில் சர்வசமம், காலுக்கு அல்ல. சரிவுக்காரர், தனக்கு மண் கூடுதல் என்று சந்தோஷப்படலாம். படமாட்டார். களை வெட்ட வருகிறவர்கள் படத்தைப் பார்த்தா கூலி கேட்கிறார்கள்? மறு அளவைக்கு மனு எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறார்.