விடைபெறும் அண்ணாச்சி

அண்ணாச்சி மறுபடியும் முகநூலை விட்டுப் போகிறார்.

சும்மா போய்விட மாட்டார். முதல் நாள் ராத்திரியே முன்னறிவிப்பு வந்துவிடும். 'சில கடினமான முடிவுகளை எடுக்க வேண்டிய நேரம்' என்று ஒற்றை வரி. என்ன முடிவு, யாருக்குக் கடினம் என்கிற விவரம் இருக்காது. கீழே வரிசையாக 'என்னாச்சு அண்ணாச்சி?', 'உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?' என்று ஆட்கள் பதறிக்கொண்டு வருவார்கள். அண்ணாச்சி வாயே திறக்க மாட்டார். ஒவ்வொரு பதற்றத்துக்கும் ஒரு சிவப்பு இதயம் மட்டும் போடுவார். ஊர் ராத்திரி முழுக்கத் தூங்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

மறுநாள் காலை, ஜனங்கள் காபியும் கையுமாகப் போனைத் திறக்கிற நேரம் பார்த்துப் பெரிய பதிவு வந்து இறங்கும். நடுராத்திரியில் போட்டால் யார் பார்ப்பார்கள்? இரைச்சல் தாங்கவில்லை, வாசிக்க நேரமில்லை, தாமிரபரணியை வைத்து எழுதுகிற நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது, தனக்குள் இருக்கிற எழுத்தாளனை மீட்டாக வேண்டும் என்று நாலு பத்தி. கடைசியில் ஒரு பின்குறிப்பு: போன் நம்பர், வாட்ஸப் நம்பர், மின்னஞ்சல், புத்தகம் வேண்டுவோர் ஜிபே செய்துவிட்டு முகவரி அனுப்பலாம் என்கிற தகவல். துறவறம் போகிறவர் இவ்வளவு தெளிவாக விலாசம் எழுதிவைத்துவிட்டுப் போய் நான் கண்டதில்லை.

பதிவோடு ஒரு படமும் உண்டு. குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு முதுகு. பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். எனக்கு அடைக்காது. எடுத்தவன் நான்.

அந்தப் படம் எடுப்பதற்குள் பொழுது விடிந்து வெயில் ஏறிவிடும். துணி துவைக்கிற ஆச்சி படத்தில் விழக் கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பழந்துணி விழக் கூடாது. குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற வாலிபர்கள் கூடவே கூடாது, தனிமை கெட்டுவிடும். எல்லாம் ஒதுங்கி, முதுகும் தண்ணீரும் மட்டும் மிஞ்சுகிற நேரத்தில் அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே உத்தரவு போடுவார்.

"வே, கொஞ்சம் தள்ளி நின்னு எடும். ஆறு பெருசா தெரியணும். ஆளு சின்னதா, இருந்தும் இல்லாத மாதிரி தெரியணும்."

"ரொம்பச் சின்னதா எடுத்தா நீங்கன்னு தெரியாதே அண்ணாச்சி."

யோசித்தார்.

"அப்ப கொஞ்சம் கிட்ட வாரும்."

போகிறேன் என்று சொன்னவர் போக வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. வழியனுப்ப வந்தவர்களுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதையில்லை என்பார். அதனால் ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் தனித்தனிப் பதில். 'போகாதீங்க அண்ணாச்சி' என்றவருக்கு ஒரு பத்தி. 'நல்ல முடிவு' என்று எழுதியவருக்கு வெறும் நன்றி. அந்த ஆளை மனசுக்குள் குறித்துவைத்துக்கொள்வார். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் நாலு நாள் கழித்துத் தாமதமாக வருந்துவார். அவருக்காக அண்ணாச்சி புறப்பாட்டைத் தள்ளிப்போடுவார். இடையில் எனக்குப் போன்.

"வே, பதிவைப் பாத்தீரா?"

"நேத்தே பாத்துட்டேன் அண்ணாச்சி."

"அந்தப் பாளையங்கோட்டைக் கவிஞன் பாத்துட்டு ஒண்ணும் எழுதாமப் போயிருக்கான் வே. நான் போறது அவனுக்கு ஒரு பொருட்டே இல்ல பாத்துக்கிடும்."

வந்தவர்களை எண்ணுவதைவிட வராதவர்களை எண்ணுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

ஒருவழியாக எல்லாருக்கும் பதில் சொல்லிமுடித்த பிறகு செட்டிங்ஸ் பக்கம் போவார். அதில் அவரைவிட விவரமான ஆள் இந்தத் தாலுகாவில் கிடையாது. கணக்கை முடக்கிவைப்பது வேறு, அழிப்பது வேறு. முடக்கினால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப லாகின் செய்து வரலாம். முகநூலை முடக்கிவிட்டு மெசஞ்சரை மட்டும் வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. அழி என்று சொன்னாலும் உடனே அழியாது. மனம் மாறுவதற்கு 30 நாள் அவகாசம் தருகிறார்கள். அண்ணாச்சி ஒரே ஒரு தடவை உணர்ச்சிவசப்பட்டு அழி என்பதை அழுத்திவிட்டார். அந்த மாதம் அவர் வீட்டுக் காலண்டரில் ஒரு தேதி சிவப்பு மையால் சுழித்திருந்தது. மதினி கேஸ் சிலிண்டர் பதிவு செய்த தேதி என்று நினைத்திருக்கிறார்.

மதினி இதைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: "தம்பி, ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்கன்னா போக மாட்டாக. இதை விட்டு மட்டும் மாசா மாசம் போறாக."

மாசா மாசம் என்பது மிகை. நெல்லையப்பர் ஆனித் தேர் மாதிரி வருஷத்துக்கு ஒரு பெரிய புறப்பாடு, சுற்றிவிட்டு நிலைக்கு வந்துவிடும். மற்றதெல்லாம் சின்ன உற்சவம். இதில் முகநூலே அவருக்குச் சதி செய்கிறது. போன வருஷம், முந்தின வருஷம் இதே நாளில் என்ன எழுதினோம் என்று எடுத்துக்காட்டுகிற வசதி ஒன்று அதில் இருக்கிறதல்லவா? ஒரு நாள் காலையில் அது அவருடைய பழைய பிரியாவிடை ஒன்றைத் தூக்கி முன்னால் வைத்தது. வேறு ஆளாயிருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் 'அன்றே சொன்னேன்' என்று மேலே ஒரு வரி சேர்த்துப் பகிர்ந்தார்.

கேட்டால் லோகேஷ் கனகராஜைக் காட்டுவார். "அவரு போகலையா வே?" போனார். 2022 ஆகஸ்டில், அடுத்த பட அறிவிப்போடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு 'லியோ' அறிவிப்பு வந்தது. 2025 ஏப்ரலிலும் 'கூலி' பட விளம்பர வேலை தொடங்கும்வரை இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று போனார். ஆகஸ்ட் 14 அன்று படம் திரையரங்குக்கு வந்துவிட்டது. அவர் போவதற்கு ஒரு காரணம், திரும்புவதற்கு ஒரு படம். அவர் இல்லாத நாளிலும் அவர் படத்தைப் பற்றிப் பேச சன் பிக்சர்ஸ் இருக்கிறது. அண்ணாச்சிக்கு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

ஒரு தடவை பெருமாள்முருகனையும் இழுத்தார். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 'மாதொருபாகன்' நாவலுக்காக ஒரு ஊரே திரண்டு துரத்தியதால் 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். மறு வருஷம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எழுதத் திரும்பினார். அண்ணாச்சி அந்தத் தடவை வெளியேறியது, அவருடைய கவிதைக்குக் கீழே ஒருத்தன் 'சுமார்' என்று எழுதியதற்காக.

சரி, போய்விட்டார். போன பிறகு என்ன செய்கிறார்? மதினியின் ஐடியில் உட்கார்ந்திருக்கிறார். அதைத் தொடங்கிக்கொடுத்ததே அவர்தான். மதினிக்கு அதன் பாஸ்வேர்டு தெரியாது. கோலத்துக்கும் குழம்புக்கும் லைக் போட வேண்டிய அந்தக் கணக்கு, ராத்திரி பதினோரு மணிக்குப் பின்நவீனத்துவத்தைக் கடுமையாக மறுத்து எழுதும்.

அப்புறம் வாட்ஸப் ஸ்டேட்டஸ். "அது சமூக வலைத்தளம் இல்ல வே, நம்ம திண்ணை" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியல் காட்டுகிற திண்ணை அவருக்கு வசதியாகத்தான் இருக்கும்.

நடுவில் கார்டு எழுதுகிற ஆசை வந்தது. ராஜவல்லிபுரத்துக்காரரான வல்லிக்கண்ணன், யார் எழுதினாலும், எந்தச் சிற்றிதழ் வந்தாலும், படித்துவிட்டுக் கார்டு போட்டுவிடுவார். 2006இல் மறையும்வரை அந்தப் பழக்கம் விடவில்லை. வண்ணதாசன் எழுதிய கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடி உட்கார்ந்து பேசியே வட்டத்தொட்டி என்கிற இலக்கியக் கூட்டம் பேர் வாங்கியது. இந்த ஆற்றங்கரையில் ஒரு எழுத்தாளன் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க எத்தனையோ வழி இருந்திருக்கிறது, அதில் ஒன்றை நான் மீட்கிறேன் என்று கிளம்பினார். நல்ல யோசனை. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பாளையங்கோட்டைத் தபாலாபீசில் 50 பைசா கார்டு ஒரு கட்டு வாங்கினார். முதல் கார்டு எனக்குத்தான். எழுதிமுடித்து, மேஜையில் பவளமல்லி நாலைப் பரப்பி, கார்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தார். பிறகு போன்: "உமக்கு ஒரு கார்டு எழுதியிருக்கேன், பாத்தீரா?" பார்த்தேன், அவர் நம்பரை வைத்திருக்கிற அத்தனை பேரோடும் சேர்ந்து. கார்டு இன்னும் வரவில்லை. தபால்பெட்டியில் போட்டாரா என்று கேட்கத் தைரியம் இல்லை.

திரும்பி வருவதற்குக் காரணம் தேட வேண்டியதேயில்லை. பொருநை புத்தகத் திருவிழா வரும். யாராவது எழுத்தாளருக்கு விருது கிடைக்கும். அல்லது யாராவது மறைவார்கள். மறைந்தவரோடு எடுத்த படம் ஒன்று அண்ணாச்சியின் போனில் கட்டாயம் இருக்கும். படத்தில் அண்ணாச்சி முழுசாகவும் மறைந்தவர் பாதியாகவும் இருப்பார். 2020 டிசம்பர் 24 அன்று பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் போனபோது அவர் வந்ததை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பாளையங்கோட்டையே வாய்விட்டு அழுதது. அண்ணாச்சி மூணு வரிதான் எழுதினார், படம் போடவில்லை.

இன்னொரு தடவையும் இப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஜங்ஷன் பக்கம் தண்ணீர், குறுக்குத்துறைக் கோயிலைக் காணவில்லை. அண்ணாச்சி அப்போது வனவாசத்தில் இருந்தார். சிக்னல் கிடைத்த முதல் நிமிஷம், 'திரும்பி வந்துவிட்டேன்' என்கிற பதிவு இல்லாமல், படம் இல்லாமல், நேராக வந்தார். எந்தத் தெருவில் எத்தனை பேர் மாடியில் இருக்கிறார்கள், எங்கே பால் பவுடர் வேண்டும், யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, படகு வைத்திருக்கிறவர் நம்பர் என்ன என்று சின்னச் சின்ன வரிகள், இரண்டு ராத்திரி விடிய விடிய. அந்த ஆள் இதுவரை எழுதியதில் அதுதான் நல்ல உரைநடை என்பது என் அபிப்பிராயம். ஒரு உவமை கிடையாது. தண்ணீர் வடிந்த அன்றைக்கே வெள்ளத்தைப் பற்றி எண்பது வரியில் ஒரு கவிதை போட்டார். அதற்கு எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்காமல் தை பிறப்பதற்குள் மறுபடி விடைபெற்றார்.

இப்போது என் கதை. அண்ணாச்சி வெளியேறினால் வேலை எங்களுக்கு. அவர் எழுதியது வாட்ஸப்பில் வரும்: "வே, இதை உம்ம பக்கத்துல போட்டுரும். கீழ என் பேரு. மேல நீரு ரெண்டு வரி, உம்ம மனசுல பட்டதை எழுதும்." மனசில் பட்ட ரெண்டு வரியையும் அவரே எழுதி அனுப்பியிருப்பார். போட்ட பத்தாவது நிமிஷம் போன் வரும், யார் யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று வாசிக்கச் சொல்லி. வாசிக்க வேண்டும். அதில் ஏதாவது பேர் விட்டுப்போனால் மதினியின் ஐடியிலிருந்து சரிபார்த்துச் சொல்வார். என் பக்கத்தில் என் எழுத்து எது, அவர் எழுத்து எது என்று தெரியாமல் என் சித்தப்பா மகளே என்னைத் திட்டியிருக்கிறாள். இத்தனைக்கும் நான் எழுதிய ஒரு கட்டுரையை அண்ணாச்சி இதுநாள்வரை பகிர்ந்ததில்லை. கேட்டால், "நான்தான் முகநூல்லயே இல்லையே வே."

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். போன வருஷம் அவர் சிறுகதைத் தொகுப்பு வந்தது. பதிப்பாளர் நூறு பிரதி அடித்தார். கேட்டால் மேற்கொண்டு அடித்துத் தருவார். கடைக்குப் போகாது, விமர்சனத்துக்குப் பத்திரிகை இல்லை. "நீங்களே ஒரு பதிவு போட்டுருங்க சார், அதுலதான் நாலு காப்பி போகும்" என்றார் பதிப்பாளர். அண்ணாச்சி அன்றைக்குத்தான் விடைபெற்றிருந்தார். ராத்திரியே திரும்பிவந்து அட்டைப்படம் போட வேண்டியதாயிற்று. சிரித்தவர்களில் நானும் உண்டு. புதுமைப்பித்தன் என்ன முகநூலிலா இருந்தார் என்று அண்ணாச்சி கேட்பார். அவருக்கு 'மணிக்கொடி' இருந்தது அண்ணாச்சி, கொண்டுபோய்க் கொடுத்தால் போட ஆள் இருந்தது. உங்களுக்கு இந்த ஒரு சன்னல்தான். சாத்தினால் ஊர் மறந்துவிடும், திறந்தால் எழுத விடாது. நாவல் மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்பதற்கு முழுப் பழியும் உங்கள் மேல் போட எனக்கு மனசில்லை. பாதி போடுகிறேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆனியில் எப்படியும் ஒரு புறப்பாடு இருக்கிறது. படத்துக்குப் புதுப் படித்துறை பார்த்தாயிற்று. அப்போது யாரும் 'போகாதீங்க அண்ணாச்சி' என்று எழுதாதீர்கள். அவர் புத்தகத்தில் ஒரு பிரதி வாங்குங்கள். விலை 180 ரூபாய். ஜிபே நம்பர் விடைபெறும் பதிவிலேயே இருக்கும்.