போலே போலே

தார் எஸ் சலாம்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கை கால்களை எண்ணிப் பார்த்துவிட்டேன், கொண்டுபோன கணக்குக்குக் குறைவில்லை. மூக்கு நுனியில் மட்டும் தோல் உரிந்து, காய்ந்த வடகம் மாதிரி நிற்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

முதலில் சஃபாரி. சுவாஹிலியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவுதான். நீ டவுன் பஸ்ஸில் பாபநாசம் போய்வந்தாலும் அது சஃபாரிதான். அருஷாவில், மறுநாள் எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று ஓட்டுநரிடம் சுவாஹிலியிலேயே கேட்டேன். வந்த மூன்று மாதத்தில் எண்களைப் படித்துவிட்ட பெருமை எனக்கு. "பன்னிரண்டு மணிக்கு" என்றார். நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஆறு மணிக்கு வாசலில் ஹாரன்! இந்த ஊர்க் கணக்கில் காலை ஏழுதான் ஒரு மணி. ஆறு என்றால் பன்னிரண்டு. ஆச்சி உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவாளே, அந்த வழிதான். ஆச்சி இங்கே வந்திருந்தால் வண்டியைத் தவறவிட்டிருக்க மாட்டாள். நான் சாரத்தோடு ஓடினேன்.

ங்கோரோங்கோரோ என்பது, எரிமலையின் தலை உள்ளே சரிந்து உண்டான பெரிய கிண்ணம். ஆழம் 600 மீட்டர், குறுக்களவு ஏறத்தாழ 19 கிலோமீட்டர். உள்ளே இறங்கினால் வரிக்குதிரை, எருமை, யானை, சிங்கம் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள்போல் இருக்கின்றன. வெயில் ஏறியதும் ஒரு பெண் சிங்கம் நேரே வந்து எங்கள் வண்டி நிழலில் படுத்து, டயரில் முதுகைச் சாய்த்துக்கொண்டது. அதன் காதில் மொய்த்த ஈயைக்கூட எண்ணலாம். அரை மணி நேரம் வண்டியில் ஒருவரும் தும்மவில்லை.

மதியச் சாப்பாடு நீர்யானைக் குளத்தங்கரையில். "வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள்" என்றார் ஓட்டுநர். கேட்டேனா? நானே சுட்ட உளுந்த வடையோடு கீழே இறங்கினேன். வாய்க்கும் வடைக்கும் நாலு விரல் தூரம் இருக்கும்போது ஒரு பருந்து பாய்ந்து அள்ளிக்கொண்டு போயிற்று. பாடச் சொல்லிக் கேட்கலாம் என்றால், அது காலால் பிடித்துப் பறந்துகொண்டே தின்கிறது. காக்காய்க்கு இந்த வித்தை தெரியாமல் போயிற்று.

ஓட்டுநர் என்னைப் பார்த்து, "போலே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வடையைப் பறிகொடுத்து நிற்கிறவனை ஒரு மனுஷன் 'போலே' என்பானா? அப்புறம்தான் தெரிந்தது, சுவாஹிலியில் 'போலே' என்றால் 'ஐயோ பாவம், வருத்தப்படுகிறேன்' என்று அர்த்தமாம்.

அடுத்து கிளிமஞ்சாரோ. அத்தான் அகத்தியர் மலை ஏறின கதையை நாம் எத்தனை தீபாவளிக்குக் கேட்டிருக்கிறோம்! அது 1,868 மீட்டர். நாங்கள் வண்டியை விட்டு இறங்கின மரங்கு வாசலே ஏறத்தாழ அந்த உயரம். இதை அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லு.

முதல் நாள் காட்டுக்குள் நுழைந்ததுமே வழிகாட்டி, "போலே போலே" என்றார். இன்னும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு இரண்டு தடவை வருத்தம்? ஒருவேளை நம்ம ஊர் 'போலே'யோ? நான் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது நீ பின்னாலிருந்து விரட்டுவாயே, அது நினைவு வந்து வேகமாக எட்டுவைத்தேன். அவர் பதறி, "போலே போலே!" என்றார். நான் ஓடினேன். கடைசியில் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தித்தான் விளக்கினார்: ஒரு தடவை சொன்னால் வருத்தம், இரண்டு தடவை சொன்னால் பையப் பைய.

உச்சியில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பது கடற்கரையில் கிடைக்கிற ஆக்சிஜனில் பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும், அதனால்தான் இந்தப் பைய. நீ என்னை ஆமை என்று வைதது இங்கே ஒரு தகுதி. ஆனால் சுமைதூக்கிகளுக்கு இந்தச் சட்டம் இல்லை போல. தலையில் முட்டை அட்டைகளோடு ஒருவர், "போலே போலே" என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பறந்தார். ஒரு முட்டை உடையவில்லை.

நாலாம் நாள் நடுராத்திரி, கிபோ குடிசையிலிருந்து கடைசி ஏற்றம். அம்மா அனுப்பின மங்கி குல்லா இல்லாவிட்டால் காது கழன்றிருக்கும். பாட்டில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. சரளையில் இரண்டு அடி வைத்தால் ஓரடி கீழே இழுத்தது. விடியும்போது 5,685 மீட்டர், கில்மன் முனை. மவென்சி சிகரத்துக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தது. எதிரே பனிப்பாறை ரோஜா நிறமாயிற்று. நான் அதற்கு மரியாதை செய்வதுபோல் குனிந்து வாந்தி எடுத்தேன்.

உஹுரு உச்சிக்கு இன்னும் 210 மீட்டர்தான். வழிகாட்டி என் கண்ணைப் பார்த்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நான் நடந்த கோடு நம்ம தாமிரபரணி மாதிரி வளைந்தது. தோளில் கைவைத்து, "போலே" என்றார்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

இறங்கும்போது சரளையில் சறுக்கிக்கொண்டே வரலாம். தலைவலி விட விட எனக்கு உற்சாகம் வந்து, "போலே, போலே!" என்று என் கால்களை விரட்டினேன், உன் அர்த்தத்தில். கையைப் பிடித்து வந்த வழிகாட்டி உடனே நடையைக் குறைத்துவிட்டார்.

அன்புத் தம்பி